கெவுளி பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் பேச்சு உண்டு. எல்லாருக்கும் ஒரே பேச்சு. எறும்பு சொன்னால் யானைக்குப் புரியும், யானை முனகினால் மீனுக்குப் புரியும். புரிந்ததே தவிர, சண்டை குறைந்தபாடில்லை. ஒருவர் புதர் என்றதை இன்னொருவர் மரம் என்பார். சேவல் விடிந்துவிட்டது என்று கூவினால், இன்னும் விடியவில்லை என்று ஆந்தை வம்புக்கு வரும். இப்படிப்பட்ட வழக்குகளெல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம் ஏரி மதகின் கற்சுவர். அந்தச் சுவரில்தான் கெவுளி இருந்தாள்.

கெவுளி ஒரு பல்லி. உடம்பு சிறியது, பேச்சு கறார். வந்தவர்கள் கதையைப் பாதி சொல்லும்போதே அவளுக்குப் பொறுமை போய்விடும். "எருமை முதுகுக்கு மேலே வளர்ந்தா மரம், அதுக்குக் கீழே நின்னா புதர். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? போங்க" என்பாள். அவர்களும் போய்விடுவார்கள். சொல்லுக்கு எல்லை சரியாகப் போட்டுவிட்டால் உலகத்தில் சண்டையே இருக்காது என்பது அவள் நம்பிக்கை. யாரும் அதைச் செய்யாமல் சும்மா கத்திக்கொண்டே இருக்கிறார்களே என்பதுதான் அவளுடைய ஓயாத எரிச்சல்.

ஒரு சமயம் மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. கடல் போலக் கிடந்த ஏரி சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு குட்டையாக நின்றது. வெயில் தாங்காமல் கண்டவர்களும் அதில் இறங்கிப் புரள, சேறு கலங்கி மீன்கள் மூச்சு முட்டித் தவித்தன. எல்லாரும் கூடிப் பேசினார்கள். நீர்வாழ்வன மட்டும் குட்டைக்குள் இருக்கட்டும், நிலவாழ்வன ஓரத்தில் நின்று குடித்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. ஒருவர்கூட மறுக்கவில்லை. யார் நீர், யார் நிலம் என்று பிரித்துச் சொல்லும் வேலை கெவுளியிடம் வந்தது.

"இதுல பிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் கெவுளி. "இருந்தாலும் ஒழுங்குன்னு ஒண்ணு வேணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் குட்டையில புதுசா இறங்கக் கூடாது."

அதற்கும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"தண்ணியில இருக்கிறவங்க நீர்வாழ்வன. தரையில இருக்கிறவங்க நிலவாழ்வன. முடிஞ்சுது" என்றாள்.

எருமை மெதுவாக முன்னால் வந்தது. "காலையில இறங்கினா பொழுது சாயறப்பதான் நான் ஏறுவேன். அப்ப நான் நீர்தானே?"

"நீ குளிக்கிறே. அது இருக்கிறது ஆகாது."

"நாள் முழுக்கக் குளிச்சா?"

கெவுளி கண்ணை இறுக மூடித் திறந்தாள். "சரி. தண்ணிக்குள்ளேயே மூச்சு விடுறவங்க நீர்வாழ்வன. இப்ப உனக்குத் திருப்தியா?"

எருமை பின்வாங்கியது. ஆனால் குட்டையிலிருந்து விரால்மீன் தலையை நீட்டியது. "நான் மேலே வந்து காத்தை முழுங்கலேன்னா செத்துடுவேன் தாயே. என்னைத் தூக்கிக் கரையில போட்டுடுவீங்களா?"

மீனைக் கரையில் போடும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை விட்டுவிட்டு, தண்ணீரில் பிறந்தவர்கள் நீர்வாழ்வன என்று மாற்றினாள். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கூட்டம் கொசு வந்து சூழ்ந்தது. நாங்கள் தண்ணீரில் பிறந்தவர்கள் என்று அவை அவள் காதைச் சுற்றி ரீங்காரமிட்டன. இந்தப் பக்கம் ஆமை, தான் மணலில் முட்டையிலிருந்து வந்தவன், அதற்காகக் குட்டையை விட்டுப் போக வேண்டுமா என்று நிதானமாக, மிகவும் நிதானமாகக் கேட்டது. கெவுளி கொசுவைத் தள்ள ஒரு 'ஆனால்' போட்டாள். ஆமையைச் சேர்க்க ஓர் 'அல்லது' போட்டாள். அந்த 'அல்லது' வழியாக நண்டைத் தின்னும் நீர்நாய் உள்ளே நுழையப் பார்த்தது. அதை அடைக்க இன்னொரு 'ஆனால்' போட வேண்டியதாயிற்று.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றது கொக்கு. "நான் நிக்கிறப்ப முழங்கால் வரைக்கும் தண்ணி. முழங்காலுக்குக் கீழே நான் யாரு?"

"நீ வாயை மூடு" என்றாள் கெவுளி.

"அது பதில் இல்லையே" என்றது கொக்கு.

வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கெவுளி சாப்பாட்டை மறந்தாள். சுவரில் மேலும் கீழும் ஓடினாள். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கால் தெரிகிற போர்வையைப் போல, எந்தச் சொல்லைப் போட்டாலும் யாரோ ஒருவர் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். குற்றம் சொல்லில் இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. இந்த உயிர்கள் ஒழுங்காக ஒரு பக்கமாகப் பிறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் தவளை வந்தாள். ஈரம் காய்ந்து அவள் முதுகு சுருங்கிப்போயிருந்தது.

"கெவுளியக்கா, என் பிள்ளைங்க எருமைக் குளம்பு பதிஞ்ச குழியில கிடக்குதுங்க. குழி வத்திட்டே வருது. காலால குட்டை வரைக்கும் ஒரு கோடு கீறி, தண்ணியோட தண்ணியா அதுங்களைக் குட்டையில சேர்த்துடட்டுமா?"

"வால் இருக்கா?"

"இருக்கு."

"கால்?"

"சிலதுக்கு முளைச்சிருக்கு."

கெவுளிக்கு அழுகையே வந்துவிட்டது. வாலும் காலும் ஒன்றாக இருப்பதை அவள் இதுவரை கட்டிய எதற்குள்ளும் அடக்க முடியாது. "கொஞ்சம் பொறு. கால் முளைச்சதை இப்ப உள்ளே விட்டா, எனக்கும் கால் இருக்குன்னு எருமை வந்து நிக்கும். போட்டதெல்லாம் பாழாயிடும். இன்னும் ஒரே ஒரு சொல்தான் அமையணும். அமைஞ்சதும் உன் பிள்ளைங்கதான் முதல்ல."

"நீங்க சொன்னா சரிக்கா" என்று தவளை திரும்பிப் போனாள். கெவுளியின் சொல்லை அப்படி ஒரே வார்த்தையில் ஏற்றுக்கொண்டது அன்று அவள் ஒருத்திதான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தவளை மறுபடியும் வந்து சுவரின் கீழே நின்றாள். கெவுளி திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு நிமிஷம் என்னை யோசிக்க விடுவீங்களா, மாட்டீங்களா?" என்று மட்டும் சொன்னாள். தவளை குழிப் பக்கமே தாவிப் போனாள்.

வெயில் தாழ்கிற நேரத்தில் சொல் அமைந்துவிட்டது. அது ஒரு நீண்ட வாக்கியம். பிறப்பும் மூச்சும் இரையும் அதில் இருந்தன. வாலுள்ள காலும் இருந்தது. கெவுளி அதை ஒரே மூச்சில் சொன்னாள். விரால் உள்ளே இருந்தது, எருமை வெளியே இருந்தது, ஆமைக்கு இடம் கிடைத்தது, கொசுவுக்குக் கிடைக்கவில்லை. கொக்கு கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, கேட்க ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டது.

"தவளையைக் கூப்பிடுங்க" என்றாள் கெவுளி. நாள் முழுவதும் எரிந்த முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

கூப்பிட்டார்கள். தவளை வரவில்லை. இதற்கும் நானே போக வேண்டுமா என்று அலுத்துக்கொண்டே கெவுளி சுவரை விட்டு இறங்கி, வெடித்த சேற்றின் மேல் நடந்து போனாள்.

குளம்புக் குழியில் தண்ணீர் இல்லை. அடியில் சேறு பாளமாகக் காய்ந்திருந்தது. அதில் தலைப்பிரட்டைகள் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிலவற்றுக்குச் சின்னஞ்சிறு கால்கள் வெளியே நீண்டிருந்தன. குழிக்கும் குட்டைக்கும் நடுவே ஒரு தாவல் தூரம்தான் இருக்கும். தவளை அங்கே உட்கார்ந்திருந்தாள். கீறுவதற்காகத் தூக்கிய கால் அப்படியே நின்றது போல, ஒரு காலை மடக்காமல் வைத்திருந்தாள்.

"சொல்லு அமைஞ்சிருச்சாக்கா?" என்று கேட்டாள்.

"அமைஞ்சிருச்சு."

"இதுங்க இப்ப எந்தப் பக்கம்?"

கெவுளி வாயைத் திறந்தாள். அந்த நீண்ட வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதை இங்கே சொல்ல முடியாது என்று தெரிந்தது. 'ஐயோ' என்று சொல்லலாம். அது கால் இடறினாலும் சொல்கிற சொல். 'பாவம்' என்றால், தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவள் சொல்வது போல இருக்கும். 'என்னை மன்னிச்சுடு' என்றால், தன் பாரத்தையும் அவள் தலையிலேயே ஏற்றுவது ஆகும். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். கடைசியில் எதுவும் மிச்சமில்லை. நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டி விடுபட்டது.

"ச்சு" என்றாள்.

தவளை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து வந்து, பல்லியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் பின்னால் கூட்டம் வந்துவிட்டது.

"என்ன சொன்னா? நீருன்னாளா, நிலம்னாளா?" என்றது எருமை.

"கிழக்கே பார்த்துச் சொன்னா. அப்ப நிலம்தான்" என்றது கொக்கு.

"ஒரு தரம் சொன்னா இல்லைன்னு அர்த்தமோ என்னவோ" என்றது ஆமை.

கெவுளி திரும்பினாள். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லாததற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்று கத்த நினைத்தாள். அதையும் சொல்லாகத்தானே சொல்ல வேண்டும்? சொன்னால் 'எதுவும்' என்றால் எது என்று கொக்கு கேட்கும். அவளுக்கு அப்படி ஓர் அலுப்பு வந்தது. கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

"ச்சு ச்சு" என்றாள்.

"பாத்தியா, ரெண்டு தரம் சொல்லிட்டா. உறுதியாயிடுச்சு" என்றது எருமை.

கெவுளி அதன் பிறகு நிற்கவில்லை. கற்சுவரில் ஏறி, எட்டாத உயரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டாள். எத்தனை பேர் கீழே நின்று கூப்பிட்டும் ஒரு சொல் பேசவில்லை. ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. எல்லாரும் தண்ணீரில் இறங்கினார்கள். யார் நீர், யார் நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய அந்த வாக்கியம் இப்போது ஒருவருக்கும் நினைவில்லை.

அன்று பேச்சை விட்டவள்தான். இன்றைக்கும் பல்லி நம் வீட்டுச் சுவரின் உச்சியில் ஒட்டிக்கொண்டு, நாம் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு வெறுமனே உச்சுக் கொட்டுகிறது. நாமும் அது எந்தத் திசையில் இருந்து எத்தனை தரம் சொன்னது என்று பார்த்துப் பலன் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.