கிளாரா ஒட்டிய ஸ்டிக்கர்

"இதைத் திறக்காம சரிபண்ணித் தரணும், டீச்சர்."

கம்ப்யூட்டரை ஹசீனாவின் மேசைமேல் இறக்கியதும் தவசீலன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஹசீனா அவனைவிட வயதில் சின்னவள். ஆனால் அவனும் அவன் பெண்டாட்டி கிளாராவும் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கற்றுக்கொண்டது அவளிடம்தான்.

"திறக்காம எப்படிண்ணே?"

அவன் பெட்டியின் ஓரத்தைக் காட்டினான். மூடி வந்து சேரும் இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் கிளாராவின் கையெழுத்து.

அசெம்பிள் செய்தவரே கையெழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும், அது கிழிந்தால் வாரன்ட்டி கிடையாது. ஹசீனா சொல்லிக்கொடுத்த வழக்கம்தான்.

அவர்களுடைய புதுக்கடையில் விற்ற முதல் கம்ப்யூட்டர் அது. கிளாரா தனியாகவே செய்தாள். அவனை ஒரு ஸ்க்ரூகூடத் தொட விடவில்லை. அந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாள்.

ஊரே அழுதது. இவன் அழவில்லை. கல்லறையிலிருந்து நேராகப் போய்க் கடையைத் திறந்தான். பைத்தியமா உனக்கு என்று கேட்டவர்களிடம், அவ ஆரம்பிச்ச கடை, மூட மாட்டேன் என்றான்.

கம்ப்யூட்டரை வாங்கியது கோர்ட் வாசலில் டைப் அடிக்கிற அம்மா. ஒரு மனு முடிவதற்குள் அணைந்துவிடுகிறது, எனக்கு முன்னாடி உன் பெட்டி தூங்கிவிடுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சரியாகாவிட்டால், கடையைப் பற்றிக் கேட்கிற எல்லாரிடமும் உள்ளதைச் சொல்வாராம்.

தவசீலன் வயரை மாற்றிப் பார்த்தான். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

ஹசீனா சுவிட்சைப் போட்டாள். ஓடியது. டீ வாங்கிக் குடித்தார்கள். டீ ஆறுவதற்குள் அணைந்தது.

"மேல கை வைங்கண்ணே. எப்படி இருக்கு?"

"ஜில்லுனுதான் இருக்கு. அப்புறம் ஏன் அணையுது?"

"அதனாலதான்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. சின்னக் கத்தி ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

ஸ்டிக்கரை முழுசாக உரிக்க முடியாதா என்று கேட்டான். முடியாது, துண்டுதுண்டாகத்தான் வரும் என்றாள்.

"அப்போ வேண்டாம்."

"சரி. கடையை மூடிடுங்க."

ரொம்ப நேரம் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிழித்தான். கையெழுத்து நடுவில் இரண்டானது.

உள்ளே விசிறியைக் கழற்றித் திருப்பினான். சூட்டை உறிஞ்சும் அதன் அடித்தகட்டில், கம்பெனியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கிளாரா மறந்திருக்கிறாள்.

தாளின் ஓரத்தில், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவிக் காய்ந்துபோன பேஸ்ட்டில், ஒரு பெருவிரல் ரேகை.

"அவளோடது."

ஹசீனா கத்தியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இப்படியே மூடிடலாமா, டீச்சர்?"

"மூடலாம். சூடு வெளியே போக வழியிருக்காது."

தவசீலன் நகத்தால் தாளின் முனையைத் தூக்கினான். பாதி உரிப்பதற்குள் தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். ஹசீனா அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அழுது முடித்தவன் புதுப் பேஸ்ட் வைத்து, விசிறியை மாட்டி, மூடியைத் தள்ளிச் சாத்தினான். அவள் ஒரு புது ஸ்டிக்கரையும் பேனாவையும் நகர்த்தினாள்.

"யார் பேரை எழுத?"

"இப்போ செஞ்சது யாருண்ணே?"