ஆறு பேர் ஒன்றாகப் பேசிய சபை

முன்னொரு காலத்தில், இன்றைக்குப் போய்த் தேடினால் எல்லைக்கல்கூட அகப்படாத ஒரு நாட்டில், ஆறிப்போன சாப்பாட்டைச் சகிக்காத ராஜா ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான் கண்ணுகளா. ஆனால் இலையில் வாழைப்பூ வடை ஆறிக் கிடந்தால் அன்றைக்கு யாருக்கும் முகம் கொடுக்க மாட்டார்.

அந்த நாட்டில் எது நடப்பதானாலும் சபையில் பேசி முடித்த பிறகுதான் நடக்கும். சபை நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி. அடியில் ஊசித்துளை போட்ட செம்பு வட்டிலைக் காலையில் அதில் மிதக்க விடுவார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து உச்சிப்பொழுதுக்கு மூழ்கும். உடனே முரசு கொட்டும், சபை கலையும். எதை முதலில் பேசுவது, எதைக் கடைசியில் பேசுவது என்று தினமும் ஓலை எழுதுகிறவர் தலைமை மந்திரி விழுப்பரையர். வரிசையைத் தாண்டி ஒரு விஷயத்தை ராஜாவே கேட்க முடியாது. பாட்டனார் காலத்துச் சட்டம் அப்படி. அதோடு விழுப்பரையர் தாமே ஒரு சட்டம் போட்டிருந்தார்: பேசுகிறவர் நின்றுதான் பேச வேண்டும், உட்கார்ந்துவிட்டால் பேச்சு முடிந்தது. வயதான சபையோரின் வாயை அடைக்க அவருக்கு அது வசதியாக இருந்தது.

பதினேழு நாளாக அந்த ஓலையின் கடைசி வரி மாறவே இல்லை. நாவலேரிக் கரையைச் செப்பனிட வேண்டும் என்பதுதான் அது. கரையில் ஓர் ஆள் நுழையும் அளவு விரிசல். கீழே நாற்பது வீடுகள். ஐப்பசி மழைக்குப் பத்து நாள்கூட இல்லை. அந்த ஊர்க்காரி செம்பாயி தினமும் ஆறு கல் தொலைவு நடந்து வந்து சபை வாசல் தூணோரம் நிற்பாள். முரசு கேட்டதும் முந்தானையை உதறிக்கொண்டு திரும்பி நடப்பாள்.

அவளைக் கவனித்தவன் அரண்மனையில் விகடம் பேசிப் பிழைத்த ஆவுடையான் ஒருவன்தான். பட்டத்து யானைக்கு மணியை இடப்பக்கம் கட்டுவதா வலப்பக்கம் கட்டுவதா என்று விழுப்பரையரும் அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேரும் மூன்று நாள் பேசியபோதே அவனுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு மாலை ராஜாவின் காதில் ஏரிக்கரைப் பேச்சைப் போட்டுப் பார்த்தான். அது ஓலையில் இருக்கிறதா என்று ராஜா கேட்டார். இருக்கிறது என்றான். அப்படியானால் வரும் என்று சொல்லிவிட்டு அவர் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள்தான் வடை ஆறியது. கிளிக்கூண்டுக்கு என்ன வர்ணம் பூசுவது என்ற பேச்சு, சபை கலைந்த பிறகும் ராஜாவின் பின்னாலேயே வந்து இழுத்துக்கொண்டே போக, ராஜா இலையில் உட்காரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விடிந்ததும் சபையில் ஆணை போட்டார்.

"நாளைக்கு ஓலையிலுள்ள அத்தனை விஷயமும் வட்டில் பாதி நிறையுமுன் முடிய வேண்டும். ஆனால் என்னைப் பேச விடவில்லை என்று ஒருவரும் குறை சொல்லக் கூடாது."

சபை திகைத்தது. விழுப்பரையர் மட்டும் எழுந்து, மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு வணங்கினார்.

"அரசே, இதற்கேற்ற ஓலையை எழுத ஆவுடையானை விட்டால் ஆளில்லை. ஒரு விஷயமும் விடுபடக் கூடாது. ஒருவர் பேச்சையும் நடுவில் நிறுத்தக் கூடாது. தவறினால் அவன் குடுமியை மழித்து நாட்டைவிட்டு அனுப்பலாம் அல்லவா?"

பசியிலிருந்த ராஜா சரி என்றுவிட்டார்.

ஆவுடையான் நேரே வாசல் தூணுக்குப் போனான். நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவாய் என்று செம்பாயியைக் கேட்டான்.

"ரெண்டு வார்த்தைய்யா. பதினேழு நாளா மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்து, மிச்சமெல்லாம் உதுந்து போச்சு."

சத்தம் ஓயும்வரை வாயைத் திறக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வட்டிலை மிதக்க விட்டார்கள். ஓலையைப் பிரித்தால் ஏழு விஷயங்களும் எழுதியிருந்தன. அதற்கு மேல் ஒரே ஒரு வரி: முரசு கொட்டியதும் எல்லோரும் தொடங்கலாம்.

விழுப்பரையர் துள்ளி எழுந்து, இது மரபில்லை என்றார்.

"ஒருவர் பின் ஒருவராக என்று அரசர் சொல்லவில்லையே, ஐயா. தாங்களும் நிபந்தனை போடும்போது சொல்லவில்லை" என்றான் ஆவுடையான்.

ராஜா யோசித்துப் பார்த்தார். உண்மைதான். கையசைத்தார், முரசு கொட்டியது.

அப்புறம் கேட்க வேண்டுமா கண்ணுகளா. ஒருவர் யானை மணி என்கிறார், ஒருவர் கிளிக்கூண்டு என்கிறார், இன்னொருவர் நந்தவனத்து ஊஞ்சலுக்குச் சங்கிலி என்கிறார். தன் குரல் மேலே கேட்கட்டும் என்று இவர் கத்த, அவர் அதற்கும் மேலே கத்த, மாட்டுச் சந்தை தோற்றது. தூணிலிருந்த புறாக்கள் பறந்தே போய்விட்டன. ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வட்டில் கால்பங்கு நிறைவதற்குள் ஐந்து பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

விழுப்பரையர் உட்காரவில்லை. குரல் போய்க் காற்று மட்டும் வந்தது. ஆனாலும் வட்டிலைப் பார்த்தபடி யானை மணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஆவுடையான் பணிவாக ஒரு மணையைப் போட்டு, பெருங்காயம் போட்ட நீர்மோரை நீட்டினான்.

"நின்றபடி குடித்தால் புரையேறும், ஐயா. அமர்ந்து அருந்துங்கள்."

தாகத்தில் மனிதர் உட்கார்ந்து மடக்மடக்கென்று குடித்தார். செம்பைக் கீழே வைத்த பிறகுதான் அவருக்குத் தாம் போட்ட சட்டம் நினைவுக்கு வந்தது. ஆவுடையான் அதற்குள் வாசல் பக்கம் திரும்பி, ஏழாவது விஷயம் என்றான்.

செம்பாயி வந்து நின்றாள்.

"சாமி, கரைய அடைச்சா மந்திரி அய்யா ஏரிக்குள்ள வச்ச மாந்தோப்புல தண்ணி நிக்கும். அடைக்காட்டி எங்க நாப்பது வீட்டுல நிக்கும். எங்க நிக்கணும்னு நீங்க சொல்லுங்க."

அவ்வளவுதான். ராஜா விழுப்பரையரைப் பார்த்தார். அவர் மோர்ச் செம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே ஆட்களை அனுப்பிக் கரையை அடைக்கவும், அதற்கு வேண்டிய மண்ணை அந்தத் தோப்பிலேயே வெட்டவும், பக்கத்தில் நின்று விழுப்பரையரே மேற்பார்க்கவும் உத்தரவானது. வட்டில் இன்னும் பாதியாகவில்லை. பிறகு ராஜா, மற்றவர்கள் சொன்னது தம் காதில் ஒன்றும் விழவில்லையே என்று வருத்தப்பட்டார்.

"கவலை வேண்டாம், அரசே. பதினேழு நாளாக ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதில்லை. இன்று அதையே சீக்கிரமாக முடித்தோம்" என்றான் ஆவுடையான்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையை அவனுக்குப் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்றார். இனி ஓலையைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும் என்றான் அவன்.

விழுப்பரையர் கரையில் நின்றதால் ஓலை எழுதும் வேலை ஆவுடையானுக்கு வந்தது. மறுநாள் காலை அவன் கதவைத் திறந்தால் வாசலில் அந்தக் கூட்டாளிகள் ஐந்து பேர். பேசக் குரல் இல்லை. என் விஷயத்தைக் கடைசியில் எழுது, என் விஷயத்தைக் கடைசியில் எழுது என்று கையைக் கையைக் காட்டிக் கெஞ்சினார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கரை நின்றது. மாமரங்களுக்கு நடுவே கெண்டை துள்ளியது. செம்பாயி ஒரு கூடை மீனோடு அரண்மனைக்கு வந்தபோது, ராஜா இலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலையில் ஆவுடையான். வடையில் ஆவி பறந்தது.