பந்தி பார்த்தவர்

"எனக்கு வாயே கிடையாது மேடம். நான் எப்படித் தலைமை தாங்குறது?"

கேட்டவர் பூங்குன்றன். பாலம் வடிவமைக்கிறவர். ஆற்றில் தூண் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்வார். டீயா காபியா என்று கேட்டால்தான் திணறுவார்.

எதிரே இருந்த மங்கையர்க்கரசி, தலைமைப் பயிற்சி கொடுப்பவர். சிஷ்யரைவிட வயதில் சின்னவர். சிரித்தால் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"வேண்டாம்னு சொல்லிட்டா என்ன ஆகும்?"

"திங்கக்கிழமை ஆபீஸ்ல யார் தலைமைன்னு கேட்பாங்க. நான் இல்லைன்னா அந்தப் பொறுப்பு தண்டபாணிக்குப் போயிடும். தொட்டதுக்கெல்லாம் கத்துவார். என் டீம் பசங்க நடுங்கிப்போவாங்க. ஆசை இருக்கு மேடம். பயமாவும் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை என் தம்பி கல்யாணம். நீங்க பந்தி பார்த்துக்கணும்."

"ஐயையோ! அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதே!"

"இலை தெரியும்ல? போதும்."

கல்யாண மண்டபத்தில் ஏற்கெனவே ஒருவர் பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையின் சித்தப்பா குலசேகரன். வாசலில் நின்று, "கூச்சப்படாம சாப்பிடுங்க! கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க!" என்று முழங்கினார். பாவம், ரசத்துக்குக் காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

பூங்குன்றன் இலைகளைப் பார்த்தபடி நடந்தார். ஓர் இலையில் பொரியல் தீர்ந்திருந்தது. பரிமாறுகிறவரைப் பார்த்தார். அவர் வந்தார். இன்னோர் இலையைக் காட்டினார். ரசம் வந்தது.

கடைசியில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். மடியில் குழந்தை. அதற்கு ஊட்டி முடித்துவிட்டு, அப்போதுதான் தன் சோற்றைப் பிசைந்தாள்.

முதல் இலையில் பெண் வீட்டுப் பெரியவர். பாயசமும் முடித்தாயிற்று. இலையை மடிக்கக் கை வைத்தார்.

அவர் எழுந்தால் வரிசையே எழும். நம் ஊர்ப் பழக்கம் தெரியாதா? அடுத்த பந்திக்காரர்கள் வேறு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் அவசர அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டாள்.

'இருங்க, அந்தம்மா சாப்பிடட்டும்' என்று கத்தலாம். மண்டபமே திரும்பி அவளைப் பார்க்கும். அப்புறம் எங்கே சோறு இறங்கும்?

பூங்குன்றன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, பாயசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டிருக்கீங்களா?"

பெரியவர் கை நின்றது. முகம் மலர்ந்தது.

"அட! எங்க வீட்டுல திட்டுவாங்கன்னு விட்டுட்டேன்யா! இங்க கிடைக்குமா?"

அப்பளம் வந்தது. பாயசம் மறுபடி வந்தது. பெரியவர் நொறுக்கினார். பக்கத்து இலைக்காரர், "எனக்கும் ஒண்ணு" என்றார். அப்புறம் கேட்கவா வேண்டும்? வரிசை முழுக்க நொறுக் நொறுக்கென்று ஒரே சத்தம், ஒரே சிரிப்பு. பின்னால் நின்றவர்கள்கூட, "எங்களுக்கும் மிச்சம் வைங்கப்பா!" என்று கலாட்டா பண்ணினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் பச்சைச் சேலைக்காரி நிதானமாக ரசம் சாப்பிட்டாள். பாயசம் சாப்பிட்டாள். மோரும் ஊற்றிக்கொண்டாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

கை கழுவிவிட்டு நேராக மங்கையிடம் வந்தாள்.

"அக்கா, இவன் பிறந்ததுக்கப்புறம் இன்னைக்குத்தான் ஒரு பந்தியில வயிறாரச் சாப்பிட்டேன். யாருக்கா பந்தி பார்த்தது?"

குலசேகரன் தொண்டையைக் கனைத்தார்.

மங்கை பூங்குன்றனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

பூங்குன்றன் ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான்தாம்மா" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். குலசேகரன் உட்பட எல்லோருக்கும் கேட்டது.

மங்கை மண்டபம் அதிரச் சிரித்தார்.

"திங்கக்கிழமையும் இதே மாதிரி சொல்லுங்க சார். இதைவிடச் சத்தமா வேண்டாம்."