ஏழு மெத்தையும் ஒரு இலவங்கொட்டையும்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மலையடிவாரத்துல பஞ்சூர்னு ஒரு நாடு. அதைக் கொழுந்து ராசான்னு ஒருத்தர் ஆண்டாரு. சாப்பிட்ட நேரம், தூங்கின நேரம் போக மிச்ச நேரத்துல ஆண்டாரு.

ஒருநாள் கப்பல் வியாபாரி ஒருத்தன் வந்து, "ராசா, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ராணி, மெத்தை மேல மெத்தை அடுக்கி அடியில ஒரு பட்டாணி வச்சாளாம். அது உறுத்தித் தூங்க முடியாம புரண்டவளைத்தான் அசல் இளவரசின்னு மருமகளாக்கினாளாம்"னு ஒரு கதையை அவுத்து விட்டான்.

ராசா துள்ளிட்டாரு. "என் மகனுக்கும் இப்படித்தான் பொண்ணு பாக்கணும்! ஆனா பட்டாணி நம்ம ஊர்ல விளையாதே?"

"இலவம்பஞ்சுக்குள்ள இலவங்கொட்டை இருக்கே ராசா, அதே அளவு"ன்னாரு பிரதானி நல்லபெருமாள். தன் தங்கச்சி மக சண்பகவல்லியை இளவரசன் தலையில கட்ட ரொம்ப நாளா அலையற ஆளு அவரு.

ஏழு மெத்தை அடுக்கி, அடி மெத்தைக்குள்ள ஒரு கொட்டையை வச்சுத் தைச்சாங்க. சோதனையெல்லாம் மத்தியானம்தான். ராத்திரி முழிச்சிருக்க ராசாவால ஆகாது. மூணு இளவரசிங்க வந்தாங்க. விருந்து சாப்பிட்டு, ஏழு மெத்தை மேல ஏறி, சொர்க்கமாத் தூங்கி எந்திரிச்சாங்க. மூணு பேரையும் ஊருக்கு அனுப்பிட்டாரு ராசா. நாலாவதா வந்தவ சண்பகவல்லி.

அன்னிக்குக் காலையில மெத்தைகளை வெயில்ல போட வந்தா குருவம்மா. ஏழையும் தைச்சவ அவதான். சோதனை விவரம் அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொண்ணா உள்ளங்கையால தடவிக்கிட்டே வந்தவளுக்கு, கடைசி மெத்தையில கை பட்டதும் பகீர்னு ஆயிடுச்சு. கொட்டை! பஞ்சுல கொட்டை எடுக்காம மெத்தை தைக்கிறதும் கல்லு பொறுக்காம சோறு பொங்குறதும் ஒண்ணு. "அடிப்பாவி குருவு! ராசா மெத்தையிலயா கொட்டையை விட்டே?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. தையலைப் பிரிச்சு, கொட்டையை எடுத்து முந்தியில முடிஞ்சு, மறுபடி தைச்சு வச்சுட்டா.

சாயங்காலம் சபை கூடுச்சு. சண்பகவல்லி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "கண்ணே மூடல ராசா! அடியில பாறாங்கல்லு கிடந்த மாதிரி இருந்துச்சு"ன்னு முனகுனா.

"இவதான் என் மருமக! மெத்தைக்காரியைக் கூப்பிடு, கொட்டையை எடுத்து ஊருக்கே காட்டட்டும்!"ன்னாரு ராசா.

குருவம்மாவுக்கு அப்பதான் விஷயமே விளங்குச்சு. "ராசா... அது இங்க இருக்கு"ன்னு முந்தியை அவுத்தா. "நான்தான் தவறி விட்டுட்டேன்னு நினைச்சுக் காலையிலேயே எடுத்துட்டேன்."

சாமரம் வீசுன கை அப்படியே நின்னுடுச்சு.

"காலையிலயா? இந்தப் பொண்ணு படுத்தது மத்தியானமாச்சே!"ன்னாரு ராசா.

"பொய்!"னு பாஞ்சாரு நல்லபெருமாள். "எங்க பிள்ளை படுத்து எந்திரிச்ச பிறகு திருடியிருக்கா. ராசாவோட சோதனையில கை வச்சவளுக்குக் கையே இருக்கக் கூடாது!"

"அதுவும் சரிதான், வெட்டுங்க"ன்னுட்டாரு ராசா, வெத்தலை கேக்குற மாதிரி.

குருவம்மா தன் உள்ளங்கையைப் பாத்தா. இந்த ரெண்டு கையும் போனா அவளுக்கு என்ன இருக்கு? துணிஞ்சு சொன்னா: "ராசா, வெட்டுறது எங்க போயிடப் போகுது? இந்தக் கை நிசம் பேசுதான்னு பாத்துட்டு வெட்டுங்க. பிரதானி ஐயாவே திரைக்குள்ள போயி, அவர் இஷ்டத்துக்குக் கொட்டையை ஒளிச்சு வைக்கட்டும். நான் தடவிச் சொல்றேன்."

ராசாவுக்கு வேடிக்கைன்னா உசுரு. கொட்டை கை மாறுச்சு. திரைக்குள்ள போன நல்லபெருமாள் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாரு.

குருவம்மா தடவுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. ஒண்ணும் தட்டுப்படல. கை மரத்துப் போச்சா? மறுபடி முதல்ல இருந்து தடவுனா. வெறும் பஞ்சு. தலையைத் தூக்கிப் பாத்தா, நல்லபெருமாள் ஒரு கையை இறுக்க மூடுனபடியே வச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"என்னம்மா, எந்த மெத்தை?"ன்னாரு ராசா.

"சொல்றேன் ராசா. அதுக்கு முன்னால சண்பகவல்லியம்மா ஒருதரம் படுத்துப் பாக்கட்டும். என் கை காய்ச்சுப் போன கை. அவங்க முதுகு பூ மாதிரி. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடும்?"

நல்லபெருமாள் 'க்கும்'னு இருமினாரு.

"ஓய், இருமாதேயும்! நீ படும்மா"ன்னாரு ராசா.

சண்பகவல்லி ஏறிப் படுத்தா. படுத்ததுதான் தாமதம், "ஐயோ அம்மா! நாலாவது மெத்தை! என் இடுப்பு போச்சே!"ன்னு அலறினா.

"இப்ப நீ சொல்லு, மெத்தைக்காரி."

"ஏழுலயும் கொட்டை இல்ல ராசா. பிரதானி ஐயா கையை விரிக்கச் சொல்லுங்க."

விரிச்சாரு. வேர்வையில ஊறிப்போய் உள்ளங்கையில கிடந்துச்சு இலவங்கொட்டை. இல்லாததை இருக்குன்னு சொல்லி குருவம்மா மாட்டிக்குவான்னு கணக்குப் போட்டாரு மனுசன். மாட்டுனது அவர் வீட்டுப் பிள்ளை.

"மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னு மெத்தை உச்சியில இருந்து சண்பகவல்லி அழுதா.

ராசா எந்திரிச்சாரு. "ஓய் நல்லபெருமாள், நாளையில இருந்து குருவம்மா கொட்டாயில உக்காந்து பஞ்சுல கொட்டை எடும். ஒண்ணு விட்டாலும் எனக்குத் தெரியணும், குருவம்மா." பிறகு, மருமகளுக்குன்னு எடுத்து வச்சிருந்த பட்டுச் சேலையைக் குருவம்மா கையில குடுத்தாரு; குரல் இறங்கிப் போச்சு. "ஆத்தா, யோசிக்காம வெட்டச் சொல்லிட்டேனே. நீயே சொல்லு, என் மகனுக்கு நான் எப்படிப் பொண்ணு பாக்குறது?"

"மெத்தையைக் கேட்டீங்க, கொட்டையைக் கேட்டீங்க. உங்க மகனைக் கேட்டீங்களா ராசா?"

எல்லார் தலையும் இளவரசன் பக்கம் திரும்புச்சு. அவன் கூச்சப்பட்டுக்கிட்டே, "அப்பா, நான் மெத்தையில படுத்ததே இல்ல. ஒரே புழுக்கம். சின்ன வயசுல இருந்தே தரையில கோரைப்பாய்லதான் படுக்குறேன். வர்றவ அதுல தூங்குவாளான்னு கேளுங்க, போதும்"னான்.

ராசா வாயைப் பொளந்துக்கிட்டுத் தொப்புன்னு சிம்மாசனத்துல உக்காந்தாரு. அன்னிக்கு மத்தியானத் தூக்கம் போனதுகூட அவருக்கு ஞாபகம் இல்ல.

அவர் வாய் மூடறதுக்குள்ள, அந்தப் பட்டுச் சேலையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ரெண்டு கையையும் நல்லா வீசிக்கிட்டு, குருவம்மா வீட்டுக்கு நடந்தா.