நடைக்கூடத்துத் தரை

தேவசகாயம் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒருவரிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார். அந்த ஒருவருக்கு வயது முப்பத்துநான்கு. பெயர் செண்பகவடிவு. கான்கிரீட் தரைகளைத் தேய்த்துப் பூச்சுக்குத் தயார் செய்வது அவள் தொழில். அவள் தேய்த்துக் கொடுத்த தரையில் பூச்சு உரிந்தது என்று தூத்துக்குடி வட்டாரத்தில் யாரும் சொன்னதில்லை.

“உங்களை நான் என்னன்னு கூப்பிட?” என்று தேவசகாயம் கேட்டார்.

“வடிவுன்னு கூப்பிடுங்க அண்ணாச்சி.”

“அது சரிப்படாது. படிக்க வந்திருக்கேன். மாஸ்டர்னு கூப்பிடுதேன்.”

அவள் சிரித்தாள். “என்ன படிக்கணும்?”

“ஒரு தரை எப்ப தயாராகுதுன்னு தெரியணும்.”

செண்பகவடிவு தூசிக்கு மூக்கில் கட்டும் மாஸ்க் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு உப்பளத்துப் பக்கம் ஒரு வேலை. வந்துருங்க.”

உப்பளங்களுக்கு நடுவே நின்றது அந்தக் கட்டடம். காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் இல்லம். கால் பொருத்தியவர்கள் நடந்து பழகுவதற்காகப் புதிதாக ஒரு நீளமான கூடம் கட்டியிருந்தார்கள். சுவரை ஒட்டிக் கைப்பிடிக் கம்பிகள். உயரமான ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. உள்ளே வெறும் கான்கிரீட். அதன்மேல் கண்ணாடி மாதிரிப் பச்சைப் பூச்சு வரவேண்டும் என்பது நிர்வாகி கோமதிநாயகத்தின் ஆசை. திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மாஸ்டர் இயந்திரத்தைக் கிளப்பினாள். அடியில் வைரப்பொடி பதித்த கற்கள் சுழன்றன. கான்கிரீட்டின் மேலே ஆடை மாதிரிப் படிந்திருந்த சிமெண்டுப் பால் பொடியாகிக் குழாய்க்குள் போனது. குழாய்க்குத் தப்பிய தூசி கூடமெங்கும் மெதுவாக மிதந்தது. வெயில் அதற்குள் நுழைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தின் ரீங்காரம் காதில் கேட்பதை விட்டுவிட்டு, தேவசகாயத்தின் நெஞ்சுக்குள்ளேயே கேட்க ஆரம்பித்தது. சாம்பல் நிறத்துக்கு அடியிலிருந்து கற்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கருப்பு, பழுப்பு, நடுவே எங்கோ ஒரு சிப்பித் துண்டு. மேகம் விலக விலக வெள்ளி தெரிவது போல இருந்தது.

வாசலில் ஒரு பெண் இரண்டு ஊன்றுகோல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் வேலை பார்த்தவள், பேச்சித்தாய். லாரி ஏறி இடது கால் முழங்காலோடு போய்விட்டது.

“என் காலு ரெடி அண்ணாச்சி. அளவெடுத்து, செஞ்சு, அலமாரியில வச்சிருக்காவ. உங்க தரை ரெடியா?”

“இன்னும் கொஞ்சம்” என்றார் தேவசகாயம்.

அவள் அதற்குப் பிறகு தினமும் வந்தாள். தினமும் அதையே கேட்டாள்.

மூன்றாம் நாள் மாஸ்டருக்கு வேறு ஊரில் வேலை. தேவசகாயம் தனியாகத் தேய்த்தார். ஒரு மூலையில் ஆசைக்கு நைசான கல்லை மாட்டிப் பார்த்தார். தரை மினுங்கியது. இன்னும் நைசான கல்லை மாட்டினார். ஜன்னல் தரைக்குள் இறங்கியது. அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை. மறுநாள் மாலைக்குள் கூடம் முழுவதும் அசையாத குளம் போல ஆகிவிட்டது. உப்புக் குவியல்கள் அதற்குள் தலைகீழாக நின்றன. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

மாஸ்டர் வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

“எப்படி இருக்கு மாஸ்டர்?”

“அழகா இருக்கு.”

அவள் ஒரு செம்பில் தண்ணீர் கேட்டாள். குனிந்து விரலை நனைத்து ஐந்தாறு சொட்டு விட்டாள். சொட்டுகள் முத்து முத்தாக நின்றன. அவள் ஊதியபோது உருண்டு ஓடின.

“என்ன செய்யுது?”

“நிக்குது. ஓடுது.”

“உள்ள போகலியே?”

“போகலை.”

“தரையோட வாயை மூடிட்டீங்க அண்ணாச்சி. பூச்சு எதைப் பிடிச்சு நிக்கும்?”

தேவசகாயம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலேயே வந்து முரட்டுக் கல்லை மாட்டினார். தான் உண்டாக்கிய குளத்தைத் தானே கீறி அழித்தார். இரண்டு நாளில் கூடம் மறுபடியும் சாம்பலானது. தடவினால் உள்ளங்கையில் மணல்தாள் மாதிரி உறுத்தியது. அவரே செம்பில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு கறுத்த ஒரு பொட்டாக உள்ளே போயிற்று.

“மாஸ்டர், குடிக்குது!”

“ம்.”

“அப்ப தயார்தான?”

அவள் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து தரையில் விரித்து நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டினாள். காற்றுப் போகாதபடி விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள்.

“இது எதுக்கு?”

“நாளைக்குப் பாப்போம்.”

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு இருவரும் போய்க் குந்தினார்கள். தாளின் உள்பக்கம் முழுக்கப் பனி பூத்திருந்தது. மாஸ்டர் ஓரத்தைப் பிரித்துத் தூக்கினாள். அடியில் தரை சதுரமாகக் கறுத்திருந்தது. சுற்றிலும் காய்ந்த கான்கிரீட்.

“மழை பேயலை. தண்ணி யாரும் ஊத்தலை” என்றார் தேவசகாயம். அவர் குரல் இறங்கியிருந்தது. “எங்கிருந்து வருது மாஸ்டர்?”

அவள் தரையைக் காட்டினாள்.

தேவசகாயம் அந்தக் கறுத்த சதுரத்தைத் தொட்டார். பிறகு வேறொரு தரையைப் பற்றிப் பேசினார்.

“கடக்கரையில ஒரு இறால் கொட்டகை. என் கம்பெனிதான் தரை போட்டது. நல்லா காஞ்ச தரை. தொட்டுப் பாத்துதான் பூசினேன். மூணே வாரம். அப்பளம் மாதிரி உப்பிட்டு வந்திருச்சு. மரியபுஷ்பம்னு ஒரு பொம்பளை. இறால் கூடையோட உப்பின இடத்துல கால வச்சிருக்கு. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு. போய்ப் பாத்தேன். அது என்னை ஒரு வார்த்தை திட்டலை. கம்பெனிய மூடிட்டேன்.”

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“குறைஞ்ச சரக்கு போடலை மாஸ்டர். இருக்கதுலேயே நல்ல பூச்சுதான் குடுத்தேன்.”

“சரி அண்ணாச்சி. தண்ணிய எங்க போகச் சொன்னீங்க?”

மத்தியானம் மாஸ்டர் போய்விட்ட பிறகு அவர் தரையில் படுத்தார். காதைத் தரையில் வைத்தார். வெளியே உப்பு வாரும் பலகையின் சத்தம் தூரத்தில் கேட்டது. அரைத்தூக்கத்தில், தான் ஒரு பெரிய மிருகத்தின் முதுகில் படுத்திருப்பதாகத் தோன்றியது. அது மிக மெதுவாக மூச்சு விட்டது. மூச்சில் ஈரம் இருந்தது. அடியில் எங்கோ கடல் தன் பழைய இடத்தைத் தேடிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. விழித்தபோது கன்னத்தில் கான்கிரீட்டின் அச்சு விழுந்திருந்தது.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கோமதிநாயகம் வந்தார். மாஸ்டர் அன்று இல்லை. அவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

“மேல காஞ்சிதான இருக்கு? இன்னைக்குப் பூச ஆரம்பிங்க. பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு.”

தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது இறால் கொட்டகையில் தான் சொன்ன வார்த்தை. அதே வேகம், அதே விரல்.

“ஒரு நிமிஷம் சார்” என்று வெளியே போய் மாஸ்டருக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார். “பூசட்டுமா, வேண்டாமா? சொல்லுங்க மாஸ்டர்.”

“தரை உங்க காலுக்கடியிலதான இருக்கு அண்ணாச்சி. என்கிட்ட ஏன் கேக்கீங்க?”

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

“பூச முடியாது சார்.”

“என்னது?”

“இதுக்கு மேல பச்சை நிக்காது. இன்னைக்குப் பூசினா விழா அன்னைக்கு நல்லாருக்கும். அடுத்த மாசம் கொப்புளம் கொப்புளமா கிளம்பும். இங்க நடக்கப் போறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும்.”

“முப்பது வருஷமா கட்டடம் கட்டுதேன். எனக்குச் சொல்லித் தாரீரா?”

தேவசகாயம் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நேற்று மறுபடி ஒட்டிவைத்த தாளைப் பிரித்து, அவர் உள்ளங்கையை அதன் உள்பக்கத்தில் வைத்தார். கோமதிநாயகம் கையை எடுத்துப் பார்த்தார். நனைந்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் கோபம் அடங்கவில்லை. ஆனால் பூசச் சொல்லவும் இல்லை.

வாசலில் பேச்சித்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“அப்ப நடக்க முடியாதா அண்ணாச்சி?”

அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் மாஸ்டர் ஒரு கேனைக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்தது பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரியே இருந்தது.

“இது என்ன மாஸ்டர்?”

“மருந்து. மேல நிக்காது, உள்ள போயிரும். போய்த் தரையை இறுக்கும். தூசி வராது.”

“கீழ இருந்து வார ஈரம்?”

“அது பாட்டுக்கு வரும். அது பாட்டுக்குப் போகும்.”

இருவரும் நாள் முழுக்க ஊற்றித் துடைப்பத்தால் பரப்பினார்கள். ஊற்றிய இடம் கறுத்தது, பிறகு வெளுத்தது. குடித்துவிட்டு இன்னும் கேட்டது. ஊற்றினார்கள். ஜன்னல் வெளிச்சம் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனது. தேவசகாயத்துக்குக் கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

விழா அன்று கூடம் சாம்பலாகத்தான் இருந்தது. பளபளப்பு இல்லை. கோமதிநாயகம் மாஸ்டரின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்னதான் போட்டீங்க? ஒண்ணும் போட்ட மாதிரியே தெரியலையே.”

“குடிச்சிருச்சு சார்” என்றாள் மாஸ்டர்.

பேச்சித்தாயின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். புதுக் காலை மாட்டிக்கொண்டு அவள் கம்பியைப் பிடித்து எழுந்தாள். நான்கு எட்டு கம்பியோடு வைத்தாள். பிறகு கம்பியை விட்டாள். ஐந்து. ஆறு. மிதந்து வருகிற மாதிரி வந்தாள். ஏழாவது எட்டில் புதுக்கால் முந்திக்கொண்டது. அவள் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தாள்.

தேவசகாயம் ஓடப் பார்த்தார். மாஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

“விடுங்க மாஸ்டர். விழுந்துட்டாங்க.” அவர் கண் நிறைந்துவிட்டது. “இதுலயும் விழுந்துட்டாங்களே. தரையில என்ன குறை வச்சோம்?”

மாஸ்டர் பிடியை விடவில்லை. பேச்சித்தாயை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. பேச்சித்தாய் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள்; அது வழுக்கவில்லை.

“கைய எங்க ஊனி எந்திரிக்காங்கன்னு பாருங்க அண்ணாச்சி.”