பரஞ்சோதியின் மூன்றாவது ஜோடி ட்வீட்டர்

நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் கார்களுக்கு ஆடியோ பொருத்தித் தரும் பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவள் சுலைகா. வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்த பரஞ்சோதிக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். ஆயுசில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்தார். பழைய கார்தான். ஆனால் அதற்குப் பாட்டு வைப்பது தன் கையால்தான் என்று ஒரே பிடிவாதம்.

அவளை அவர் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது, ஒரே மாதத்தில் நிஜமாகிவிட்டது.

அன்று காலை வந்தவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இரண்டு ட்வீட்டர்கள். காசு அளவே உள்ள குட்டி ஸ்பீக்கர்கள். ஜால்ரா, சலங்கை மாதிரி மெல்லிய ஓசையெல்லாம் அதிலிருந்துதான் வரும். இரண்டும் கருகிப் போயிருந்தன.

"மறுபடியுமாண்ணே?"

"ரெண்டாவது ஜோடி, குருவே. நாளைக்கு விடிஞ்சா திருச்செந்தூர் கிளம்பறோம்."

வாசலில் நின்ற காருக்குள் அவர் மனைவி கமலவேணி உட்கார்ந்து முருகனுக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷம் நான் ரோட்டுல, அவ வீட்டுல" என்றார் பரஞ்சோதி. "ரெண்டு பேரும் சேர்ந்து தூரமாப் போறது இதான் முதல் தடவை. வழியெல்லாம் பஜனைப் பாட்டு போடறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். நேத்து ஓட்டிப் பார்த்தோம். ரெண்டு தெரு தாண்டல. பட்டுனு அமத்திட்டா. கழட்டிப் பார்த்தா இதுவும் கருகிக் கெடக்குது."

"ஜால்ராவா அது?" காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "எவர்சில்வர் தட்டைத் தூக்கி எறிஞ்ச மாதிரி இருந்துச்சு. நாளைக்கும் அப்படியே இருந்தா அமத்தத்தான் செய்வேன். மனுசன் பேச்சும் அப்படித்தாம்மா. வீட்டுக்குள்ளயும் லாரி இஞ்சின் ஓடுதுன்னு நெனப்பு."

சுலைகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"எந்த ஆம்ப் போட்டீங்கண்ணே?" ஓசையைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையரைத்தான் கேட்டாள்.

"இருக்கறதுலயே சின்னது. ட்வீட்டர் பச்சைக் குழந்தை மாதிரி இருக்குதே, பெருசு போட்டா தாங்குமா?"

"கெயினு?"

கெயின் என்பது உள்ளே வரும் ஓசையை ஆம்ப் எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று வைக்கும் சின்னத் திருகு.

"கடைசி வரைக்கும் திருகிட்டேன். இல்லாட்டி ரோட்டு இரைச்சல்ல எங்க கேக்குது?" அவர் கருகிய ட்வீட்டரைப் பார்த்தார். "சின்ன ஆம்பே இந்தப் பாடு படுத்துதுன்னா நான் எதைத்தான் போடறது? நீங்களே சொல்லுங்க குருவே."

சுலைகா எதிர்ச்சாரி டீக்கடையைக் கை காட்டினாள்.

"மூணு டீ சொல்லுங்கண்ணே. இங்கிருந்தே."

நடுவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பரஞ்சோதிக்கு நாலு நாளாகச் சளி. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். குரல் பாதியில் கிழிந்தது. டீக்கடை மாதப்பன் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். பரஞ்சோதி இன்னொரு தரம் கத்தினார். இருமல்தான் வந்தது.

"ஐயோ, பாவம் அந்தத் தொண்டை!" என்றாள் கமலவேணி.

மாதப்பன் கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். பாய்லர்மேல் ஒரு கையை ஊன்றியபடியே கேட்டார்: "டீயா, பரஞ்சோதி? சுக்குத் தட்டிப் போடட்டுமா?"

ஒவ்வொரு எழுத்தும் ரோட்டைத் தாண்டி வந்து சேர்ந்தது.

"அவர் கத்தினாரா?" என்றாள் சுலைகா.

"எங்க கத்தினாரு? சும்மா கேட்டாரு."

"காது வலிச்சுதா?"

"இல்ல."

"உங்க தொண்டை?"

"எரியுது, குருவே."

"அந்தச் சின்ன ஆம்பும் அப்படித்தாண்ணே, சக்திக்கு மீறிக் கத்தி ஓசை கிழிஞ்சு போய்த்தான் ட்வீட்டர் கருகுது."

அவள் ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்து கனத்த ஆம்ப் ஒன்றை இறக்கினாள். போன வாரம் ஒரு டூரிஸ்ட் வேனிலிருந்து கழற்றியது. நேற்றுப் போட்டதைப்போல நாலு மடங்கு பலம். பரஞ்சோதி ஓரடி பின்வாங்கினார்.

"என்னம்மா இது? இது அந்தக் குஞ்சு ட்வீட்டரை முழுங்கிடுமே!"

"மாட்டுங்க. உங்க கையாலதான்."

கடையில் அந்த அளவில் மிச்சமிருந்தது ஒரே ஜோடிதான். கந்தர் சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே வயர்களை இணைத்தார். தாழ்ந்த ஓசை ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கும் கெப்பாசிட்டரை மறக்காமல் வைத்தார். கெயின் திருகை அவள் கால்வாசியில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்.

"போடுங்க."

பஜனை ஆரம்பித்தது. கமலவேணியின் விரல் முன்கூட்டியே ஸ்விட்சுக்குப் போய்விட்டது. ஆர்மோனியம் வந்தது. மிருதங்கம் வந்தது. ஜால்ரா வந்தது.

ஜால்ரா ஜால்ராவாகவே வந்தது. வெளியே ஒரு டேங்கர் லாரி ஹார்ன் அடித்துப் போனது. அதன் நடுவிலும் கேட்டது. கமலவேணியின் விரல் ஸ்விட்சிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. மடியில் இருந்த பூவை ஒதுக்கிவிட்டு அவள் மெதுவாகத் தாளம் போட ஆரம்பித்தாள். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

பரஞ்சோதிக்கு முகமெல்லாம் பல். இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஆம்ப் பக்கம் குனிந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"இன்னும் கொஞ்சம் திருகலாம், குருவே. முக்கால்வாசி பலம் சும்மாத்தானே கெடக்குது?"

சுலைகா அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டாள்.

"சும்மா கெடக்கலண்ணே. அக்கா சாஞ்சுக்கிட்டிருக்கறது அதுமேலதான்."