ஒன்பதாம் மாடியில் பால் காய்ச்சிய கதை

பங்குனி பதினெட்டு, காலை. ஏட்டூர் சபையில் கூடியிருந்தவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர். பேசுவதற்கு முதலில் பெயர் கொடுத்தவள் அப்பளம் இடும் பொம்மக்கா.

ஏட்டூரில் ஒரு பெரிய கல்விச்சாலை உண்டு. மாணவர்கள் அறுநூறு பேர், அறைகள் எண்பது. அதனால் கடைவீதியின் நடுவில் மாணவர் விடுதி ஒன்று கட்ட வணிகர் கனகசபை முன்வந்தார். மூன்றல்ல, நான்கல்ல, ஒன்பது மாடி. அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

"ராசா, என் களத்துக்குக் கிழக்கேதான் அந்தக் கட்டடம் வருது. ஒன்பது மாடி எழும்பினா உச்சிப்பொழுது வரைக்கும் எனக்கு நிழல்தான். காலை வெயில் இல்லாம அப்பளம் எப்படிக் காயும்? நானும் என்னோட வேலை செய்யுற பதினோரு பேரும் எங்கே போவோம்?" என்றாள் பொம்மக்கா.

பராங்குசன் என்ற மாணவன் எழுந்தான். "அரசே, எங்கள் அறையில் எட்டுப் பேருக்கு மூன்று பாய். முறை வைத்துத் தூங்குகிறோம். மூன்று மாதமாகப் பாய் மட்டும் தூங்கவே இல்லை."

"படிக்க வந்தியா, தூங்க வந்தியா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்பளத்தை நிழலில் காயவைத்தால் என்ன?" என்றது இன்னொரு குரல்.

"உன்னை வச்சுப் பார்ப்போமா?" என்றாள் பொம்மக்கா.

மன்னர் வில்லவராயர் கையை உயர்த்தினார். அவருடைய கவலை அப்பளமும் அல்ல, பாயும் அல்ல. பக்கத்து நாட்டு அரசனின் மாளிகை ஏழு மாடி.

"ஒன்பது மாடிதான். இனி அதற்கு எதிராக ஒரு சொல் பேசுபவர் ஊரை விட்டுப் போக வேண்டும்" என்றார்.

மன்னருக்கு ஓலை படித்துக் காட்டும் ஆதிமூலம் மட்டும் எழுந்து கைகூப்பினார்.

"அருமையான தீர்ப்பு, அரசே! நம் ஊர் வழக்கப்படியே புதுமனை புகுவிழாவும் நடக்கும் அல்லவா?"

"குறையில்லாமல் நடக்கும். இது என் வாக்கு."

ஏட்டூர் வழக்கம் இது. பால் பொங்கிய அடுப்புக்கு மேல் யாரும் நடக்கக் கூடாது. ஆகவே உச்சி மாடியில்தான் பால் காய்ச்சுவார்கள். முதல் மிடறு மன்னருக்கு. அவர் ஒவ்வொரு மாடியிலும் வலது கால் எடுத்து வைத்து, தம் காலாலேயே ஏறி வர வேண்டும். பல்லக்கு ஆகாது.

"அப்படியானால் ஓர் ஒத்திகை பார்ப்போம்" என்றார் ஆதிமூலம். "மூங்கிலால் ஒன்பது தளம் கட்டி, படியும் வைத்துவிடுகிறேன். விழாவன்று எதிலும் பிழை வரக் கூடாது பாருங்கள்."

மன்னர் மகிழ்ந்தார். அவர் கடைசியாகப் படியேறியது முடிசூட்டிய அன்று. சிம்மாசனத்துக்கு மூன்று படி. இடையில் இருபத்திரண்டு வருட விருந்துகள்.

வெளியே வந்ததும் ஆதிமூலத்தைப் பொம்மக்கா பிடித்துக்கொண்டாள். "ஐயா, நீங்களுமா?"

"எத்தனை மாடி வரை உன் அப்பளம் தாங்கும், அதைச் சொல்லு."

"மூணு தாங்கும். அந்த நிழல் தெருவோட நின்னுடும். நாலு வந்தா எல்லாம் நமுத்துப்போயிடும்."

"சரி, அன்றைக்கு நல்ல பாலாக ஒரு செம்பு கொண்டுவா."

எட்டாம் நாள் ஒத்திகை. ஊரே கடைவீதியில் நின்றது. மன்னர் முன்னே, அடுப்பும் பால் செம்பும் சுமந்து ஆதிமூலம் பின்னே.

முதல் தளத்தில் மன்னர் மக்களைப் பார்த்துக் கையசைத்தார். இரண்டாம் தளத்தில் அந்தக் கை மூங்கிலைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் தளத்தில் வலது கால் வந்துவிட்டது. இடது கால் வரச் சற்று நேரம் ஆயிற்று.

"ஓய் ஆதிமூலம், இன்னும் எத்தனை?"

"ஆறே ஆறுதான், அரசே."

மன்னர் நாலாவது தளத்தின் படியை நிமிர்ந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். கீழே பொம்மக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மன்னர் காலை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"ஒத்திகைதானே? இங்கேயே காய்ச்சும்."

"உத்தரவு."

அடுப்பு எரிந்தது. பால் பொங்கியது. மன்னர் முதல் மிடறை மட்டுமல்ல, முழுச் செம்பையும் குடித்தார். ஆதிமூலம் கீழே எட்டிப் பார்த்து உரக்கக் கூவினார்.

"மகா சனங்களே! மூன்றாம் மாடியில் பால் பொங்கிவிட்டது! வழக்கப்படி இதற்கு மேல் யாரும் நடக்கக் கூடாது!"

"அநியாயம்!" என்று கத்தினார் கனகசபை. "இது வெறும் ஒத்திகை!"

"பாலுக்கு அது தெரியாதே. பொங்கிவிட்டது" என்றார் ஆதிமூலம்.

மன்னர் முறைத்தார். "வாக்குக் கொடுத்த என்னையே மடக்கிவிட்டீர். ஒன்பது மாடிக்கு எதிராகப் பேசினால் என்ன தண்டனை என்று தெரியுமல்லவா?"

"நான் ஒரு சொல்கூடப் பேசவில்லை, அரசே. பேசியது தங்கள் முழங்கால். ஊரை விட்டு அனுப்புவதென்றால் அதைத்தான் அனுப்ப வேண்டும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் ஒன்பது தளமும் ஆடின. கீழே நின்ற கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"விடுதி மனைக்குப் பின்னால் யானையே இல்லாத தங்கள் யானைக் கொட்டகை இருக்கிறது. அந்த இடத்தைக் கனகசபைக்குக் கொடுங்கள். உயரத்தில் போன அறைகளை நீளத்தில் கட்டிக்கொள்ளட்டும். பிள்ளைகளும் தூங்கட்டும்."

"கொடுத்தேன்" என்றார் மன்னர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போது இறங்குவது எப்படி?" என்றார்.

இறங்கும்போது பல்லக்கு கூடாது என்று வழக்கத்தில் இல்லை. எட்டுப் பேர் சுமந்து இறக்கினார்கள்.

அடுத்த ஆவணி மூன்றாம் நாள் மூன்று மாடி விடுதியில் மாணவர்கள் குடியேறினார்கள். ஆளுக்கு ஒரு பாய். அன்றைய விருந்தில் அறுநூற்று நாற்பது அப்பளம் பரிமாறப்பட்டது.